எரிப்பட்டு நூலைப் பருத்தி என்று நினைத்துவிடாதீர்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் புதுத்துணி வந்தால் முதல் வேலை, கல்லுப்புத் தண்ணீரில் முக்குவதுதான். சாயம் போகாது என்பது ஆச்சி கணக்கு. அசாம் பெண்கள் கையால் நூற்று, மஞ்சிட்டி வேரில் சாயமேற்றிய எரிப்பட்டுச் சிட்டம் (நூல்கற்றை) ஒன்று வந்தபோதும் அதையே செய்தேன். போதாதென்று அரை எலுமிச்சம்பழமும் பிழிந்தேன். செங்கல் சிவப்பு கண்ணெதிரே ஆரஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டது.

வேர்ச்சாயத்தைப் பிடித்து வைப்பது சாயமேற்றும் முன் நூலில் ஏற்றும் படிகாரம். பிறகு போடும் உப்பால் பயனில்லை. புளிப்பு நிறத்தை மாற்றும், அவ்வளவுதான்.

பட்டு புரதம், பருத்திக்கு அல்ல, தலைமுடிக்குத்தான் சொந்தம். ஒரு இழையைக் கொளுத்தினால் முடி பொசுங்கும் வாடைதான் வரும். சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர் எல்லாம் தள்ளியே இருக்கட்டும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்குங்கள். மொட்டைமாடிக் கொடியில் போடவே கூடாது. நம்ம ஊர் வெயிலில் மஞ்சள் கிழங்குச் சாயம்தான் முதலில் வெளுக்கும். இரும்பு கலந்த போர் தண்ணீரும் ஆகாது. கடுக்காய் ஏற்றிய நூல் அதில் கறுத்துவிடும். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு.

நீலம் நாமே ஏற்றலாம் என்று நாட்டு மருந்துக் கடையில் 'அவுரி' கேட்டால், பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரை கைக்கு வரலாம். இந்தப் பக்கம் அதையும் அவுரி என்றுதான் சொல்வார்கள். திருநெல்வேலி பெயரிலேயே வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு. எத்தனை நாள் ஊறினாலும் நீலம் வராது. 'நீலி' வேண்டும், சாயத்துக்கு என்று விளக்கிக் கேளுங்கள்.

எரிப்பட்டு 'காட்டுப்பட்டு, அதனால் உயிர்க்கொலை இல்லை' என்பதை அப்படியே நம்பவேண்டாம். டசர் என்ற இன்னொரு பட்டின் புழு காட்டு மரங்களில் வளர்வது சரி. எரிப் புழுவோ வீட்டுக்குள் ஆமணக்கு இலை தின்று வளர்கிறது. பெயரே ஆமணக்கின் அசாமியப் பெயரிலிருந்து வந்ததுதான், நம் 'எரி' இல்லை. கூட்டின் ஒரு முனை திறந்திருப்பதால் அந்துப்பூச்சி தானே வெளியேற முடியும். ஆனால் அசாமில் கூட்டுப்புழு விரும்பித் தின்னும் பண்டம். அதில் தப்பு காண நமக்கு என்ன இருக்கிறது? அகிம்சைதான் முக்கியம் என்றால், பூச்சி வெளியேறிய பின் எடுத்த கூடா என்று கேட்டு வாங்குங்கள்.

நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். கைநூல் அப்படித்தான். தேவையானது மொத்தத்தையும் ஒரே தடவையில், ஒரே சாயத் தொட்டியிலிருந்து வாங்கிவிடுங்கள். நான் ஒரு சால்வைக்குப் பாதியில் நூல் தீர்ந்து, அதே ஆளிடம், அதே நிறம் என்று சொல்லி இன்னொரு சிட்டம் வாங்கினேன். இப்போது தோளுக்குக் கீழே பாத்தி பிரித்தது போல ஒரு கோடு. கேட்பவர்களிடம் டிசைன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.