பல்லு வெள்ளையா இருந்தா மட்டும் போதுமா? ஸ்மைல் டிசைனுக்கு முன்னாடி கண்ணாடில பார்க்க வேண்டியது

ஸ்மைல் டிசைன்னா, சிரிப்பு அழகா தெரியுறதுக்கு பல்லோட நீளம், வடிவம், கலரைத் திட்டம் போட்டு மாத்துறது. கல்யாண சீசன் வந்தா எங்க பல் கிளினிக்குக்கு வர்றவங்கள்ல பாதி பேரு போனை நீட்டிக்கிட்டுதான் உள்ள வருவாங்க, "டாக்டர், இந்த நடிகை மாதிரி பல்லு வேணும்"னு. நான் அந்தப் போட்டோல பல்லை மட்டும் விரலால மறைச்சுட்டு காட்டுவேன், மிச்சம் இருக்குற மூஞ்சி உங்களோடதாம்மா? அந்தப் பல்லு அந்த உதட்டுக்கு அளவெடுத்தது. உங்க உதட்டுக்கு என்ன வேணும்னு உங்க உதடுதான் சொல்லணும்.

அதை நீங்களே வீட்ல பார்க்கலாம். "அம்மா"ன்னு சொல்லிட்டு வாயை மூடாம, சிரிக்காம அப்படியே விடுங்க, மேல் முன்பல்லு எவ்வளவு தெரியுதுன்னு பாருங்க. இருபது வயசுப் பொண்ணுன்னா 3, 4 மில்லிமீட்டர் தெரியலாம், ஆம்பளைக்கு 2 கிட்ட. வயசாக ஆக மேல் உதடு தொங்கி, பல்லும் தேஞ்சு, மேல்பல்லு மறைஞ்சு கீழ்ப்பல்லு எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். அதனால இளமையா தெரியணும்னு கேக்குறவங்களுக்கு நான் கலரைப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி நீளத்தைப் பத்திதான் பேசுவேன்.

அடுத்து "ஃபேன், வலை, வள்ளம்"னு சொல்லிப் பாருங்க. மேல் முன்பல்லோட நுனி கீழ் உதட்டோட உள் ஓரத்துல, ஈரமும் காய்ஞ்சதும் சேர்ற கோட்டுல லேசா தொடணும். பல்லை ரொம்ப நீளமா வச்சுட்டா உதட்டை இடிக்கும், பேச்சு மாறிடும்.

இப்ப நல்லா சிரிங்க. முன்பல்லு நுனியெல்லாம் சேர்த்து ஒரு கோடு போட்டா அது கீழ் உதட்டோட வளைவுலயே தூளி மாதிரி வரணும், ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருந்தா தேஞ்ச பல்லு, வயசான சிரிப்பு. ஈறு 2 மில்லி வரைக்கும் தெரிஞ்சா அழகுதான், 4க்கு மேல போனா காரணம் என்னன்னு பார்க்கணும், உதடு ரொம்ப ஏறுதா, ஈறு பல்லை மூடியிருக்கா, இல்ல தாடையே நீளமா, ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. ரெண்டு முன்பல்லுக்கும் நடுவுல உள்ள கோடு மூஞ்சியோட நடுவுலருந்து கொஞ்சம் தள்ளி இருந்தா பயப்படாதீங்க, 2 மில்லி தள்ளி இருந்தாலும் நேரா இறங்குனா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுறவருக்கே தெரியாது. சாஞ்சு இறங்குனாதான் வினை, பாய்மரம் சாஞ்ச வள்ளத்தை கரையில நிக்கிற சின்னப் பிள்ளையும் கண்டுபிடிச்சிரும்ல.

அளவுக்கு வந்தா, நடுப்பல்லு அகலம் அதோட உயரத்துல 75லருந்து 80 சதவீதம், உயரம் 10.5 மில்லின்னா அகலம் 8 சொச்சம். ஒரு பல்லு பக்கத்துப் பல்லைவிட 1.618 மடங்கு அகலமா தெரிஞ்சாதான் அழகுங்கிற கோல்டன் ப்ரொபோர்ஷன் கதையை நெட்ல பார்த்துட்டு வர்றவங்க இருக்காங்க, இயற்கையா அழகா இருக்குற பல்லே நிறைய பேருக்கு அந்தக் கணக்குல அடங்காது, அதை ரொம்பப் பிடிச்சுக்கிட்டா பக்கத்துப் பல்லு ஒல்லியா போயிரும்.

கலரு: பல்லு கலரை ஒப்பிட்டுப் பார்க்குற வீட்டா கிளாசிக்கல் ஷேட் கைடுல 16 ஷேட் இருக்கு, அதுல ரொம்ப வெளிறினது பி1, பாதி பேரு பி1ஐ தொட்டுட்டு இதைவிட வெள்ளை இல்லையாம்பாங்க. கண்ணு முழியோட வெள்ளையைத் தாண்டிப் போனா சிரிக்கும்போது பல்லு மட்டும் தனியா நிக்கும். லிப்ஸ்டிக்கை துடைச்சுட்டு, ஜன்னல் வெளிச்சத்துல, உட்கார்ந்த உடனே பார்க்கணும், வாயைத் திறந்தே வச்சிருந்தா பல்லு காய்ஞ்சு நெசத்தை விட வெள்ளையா காட்டும். ப்ளீச் பண்ணுனா ஒட்டுற வேலைக்கு 2 வாரமாவது விடணும், இல்லன்னா சரியா பிடிக்காது. கல்யாணப் பத்திரிகை அடிச்சுட்டு வந்து நின்னா நான் என்ன பண்றது?

வெனீர், அதான் முன்பல்லு மேல ஒட்டுற மெல்லிசான ஓடு, அந்த ஐடியாவே சினிமால இருந்து வந்ததுதான், 1930கள்ல சார்லஸ் பிங்கஸ்னு ஒரு டாக்டர் ஹாலிவுட் நடிகர்களுக்கு ஷூட்டிங்குக்கு மட்டும் ஒட்டிட்டு கழட்டிருவாரு. இப்ப ஒட்டுறது அப்படி இல்ல, பெரும்பாலும் பல்லோட மேல் ஓடான எனாமலை அரை மில்லி கிட்ட சீவணும், சீவுனது திரும்ப முளைக்காது. ஈறுல ரத்தம் வருதுன்னா அதை மொதல்ல சரி பண்ணுங்க, கோணப்பல்லுன்னா கம்பி போடுங்க, அப்புறம் மிச்சம் என்ன இருக்குன்னு பார்ப்போம்.

சீவுறதுக்கு முன்னாடி மாக்கப் கேளுங்க. மெழுகுல டிசைன் பண்ணி, அதுல அச்சு எடுத்து, உங்க பல்லு மேலயே தற்காலிகமா ஒட்டிக் காட்டுவாங்க. கீழக்கரை மாப்பிள்ளை ஒருத்தரு அதோட வீட்டுக்குப் போக, அவரோட லாத்தா, அதான் அக்கா, "என்னடா தம்பி, உனக்கு முன்னாடி உன் பல்லு வாசல்ல வந்து நிக்குது"ன்னுட்டாங்களாம். மறுநாள் அரை மில்லி குறைச்சோம், சரியாயிருச்சு. ஆரம்ப காலத்துல நான் மாக்கப் இல்லாம ஒருத்தருக்கு செஞ்சு அவருக்கு "ஸ்"னு சொன்னா விசிலடிச்சது, காசு வாங்காம மறுபடி செஞ்சு கொடுத்தேன்.

இன்னொண்ணு, இது நம்ம கடற்கரைக்குன்னே உள்ளது. பாம்பன் அண்ணன் ஒருத்தருக்கு உடைஞ்ச முன்பல்லுக்கு பல்லு கலர்லயே இருக்குற காம்போசிட் பசையை வச்சு ஒட்டி விட்டேன், பத்து நாள்ல அதே மூலை பேந்து வந்தாரு. கறிமுள்ளு கடிச்சீங்களான்னா இல்லைங்குறாரு. வலை பின்னும்போது தங்கூசியை, அந்த நைலான் நரம்பை, எதால அறுப்பீங்கண்ணேன்னு கேட்டேன், யோசிக்காம வாயைத் திறந்து அந்தப் பல்லையே தொட்டுக் காட்டுனாரு. இப்ப இந்தப் பக்கத்து ஆளுங்க யாரு வந்தாலும் சுகர், பிரஷரோட சேர்த்து அந்தக் கேள்வியையும் கேட்டுதான் கேஸ் சீட்டை எழுதுறேன், அந்த அண்ணன் கழுத்துல கயித்துல கட்டி ஒரு நெகவெட்டி தொங்குது.