வேன் பயணத்தில் பேட்டரி தீராமல் பார்த்துக்கொள்ள

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வேன் நிற்பது பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில். அங்கே வெயில் எட்டாது, சூரிய மின்தகட்டை விரித்துப் பயனில்லை. அதனால் உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி மலேசியாவின் மெர்சிங்குக்குப் போவதற்கு முதல் நாளே பேட்டரியைத் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிடுவேன். அம்மாவின் இன்சுலின் வேன் ஃப்ரிட்ஜில்தான் வருகிறது. மின்சாரம் நின்றுவிடக் கூடாது.

முதலில் கணக்கு. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கும். என் ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400. விசிறி, விளக்கு, கைப்பேசிக்கு 200. அதாவது வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் ஓடும். 200 வாட் மடக்குச் சூரிய மின்தகடு நல்ல வெயிலில் அந்த 600-ஐத் திருப்பித் தரும், மழை நாளில் பாதிகூட வராது. ரைஸ் குக்கரை மாட்டாதீர்கள், சோற்றுக்கு கேஸ் அடுப்பு போதும்.

நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் தகட்டைப் படுக்கையாக வைத்தாலே சரி. நிழல்தான் எதிரி. ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலும் வரத்து சட்டென்று சரியும். வேன் நிழலில், தகடு வெயிலில். நடுவே தடிமனான வயர்.

தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு தகடு. கழற்றும்போது தகடு முதலில். பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே ஃபியூஸ்.

வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த வகை பேட்டரி கடைசிவரை 13 வோல்ட் பக்கமே காட்டிவிட்டுத் திடீரென்று விழும். ஒருமுறை நடுராத்திரியில் ஐஸ் தேடி அலைந்தேன். மறுவாரமே, பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் மின்சாரத்தை எண்ணி மீதியைக் காட்டும் ஷன்ட் மீட்டர் வாங்கிவிட்டேன்.