சமூக ஊடகம் பற்றி ஆய்வேடு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைக் கவனியுங்கள்

ஊடகவியல், தொடர்பியல், பண்பாட்டு ஆய்வு என்று எந்தத் துறையில் சேர்ந்தாலும் இப்போது மாணவர்கள் பலரும் கைப்பேசியை ஒட்டிய தலைப்பையே எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். எந்த ஊர், எந்தச் சாதி, யாருடைய ரசிகர் என்ற பேச்செல்லாம் தினமும் அங்கேதான் நடக்கிறது. ஆனால் தலைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஆய்வும் எளிது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. திரையில் தெரிவதை எண்ணிவிட்டால் மனிதர்களைப் புரிந்துகொண்டோம் என்று நினைத்துவிடுகிறோம்.

முதல் சறுக்கல் தலைப்பிலேயே நடக்கிறது. 'இளைஞர்களிடையே சமூக ஊடகங்களின் தாக்கம் – ஓர் ஆய்வு.' தாக்கம் என்று எழுதிவிட்டால், இது நடந்ததால்தான் அது நடந்தது என்று காட்டும் பொறுப்பும் வந்துவிடும். 100 பேருக்குக் கூகுள் ஃபார்ம் அனுப்பி, 60 பேர் 'ஆம், பாதித்தது' என்று குறித்ததை வட்டப் படமாகப் போட்டால் அந்தப் பொறுப்பு தீராது. தாங்கள் பாதிக்கப்பட்டதாக 60 பேர் நினைக்கிறார்கள், அவ்வளவுதான் அதில் தெரியும். அந்த ஃபார்ம் உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அண்ணனுடைய அலுவலகக் குழுவிலும் மட்டுமே சுற்றியிருந்தால், பதில் சொன்னவர்கள் உங்களைத் தெரிந்தவர்கள். அவர்களைத் 'தமிழக இளைஞர்கள்' என்று எழுத முடியாது.

தாக்கத்தை விட்டுவிட்டு, யார் எதை எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் இன்ஸ்டாகிராமில் எந்தப் பெயரில் கணக்கு வைத்திருக்கிறார்கள்? அது யார் கண்ணில் பட வேண்டும், யார் கண்ணில் படக் கூடாது? இந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடையாளம், குடும்பம், தொழில்நுட்பம் மூன்றும் வந்துவிடுகின்றன.

இப்படிக் கேட்டுச் செய்த ஒரு பெரிய ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த டேனியல் மில்லர் தலைமையில் 9 மானுடவியலாளர்கள் உலகின் 9 இடங்களில் தலா 15 மாதம் தங்கி, மக்கள் சமூக ஊடகங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். அதில் ஓர் இடம் சென்னைக்கு அருகே, ஐ.டி. வளாகங்கள் முளைத்த கிராமங்கள். அங்கே பணி செய்த ஸ்ரீராம் வெங்கட்ராமனின் நூல் 2017-ல் வந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குடும்பம், சாதி, வர்க்கம், பாலினம் என்ற பழைய உறவுகள் அந்தத் திரைக்குள்ளும் எப்படித் தொடர்கின்றன என்பதை அதில் பார்க்கலாம். முதுகலை மாணவரால் 15 மாதம் தங்க முடியாது, சரி. ஆனால் 10 பேருடன் சில வாரங்கள் உட்கார்ந்து, அவர்கள் கைப்பேசியைப் பார்க்கும்போது கூட இருந்து பேச முடியும். 100 ஃபார்ம்களைவிட அதில் அதிகம் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, மென்பொருள் தரும் எண்ணை அப்படியே நம்புவது. 2019 மே மாத இறுதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிவில் இன்ஜினியரிங் ஃபேஸ்புக் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. சுத்தியல் என்று பதில் சொன்ன ஒரு தமிழர், இது விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது என்றும் சேர்த்துவிட்டார். 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம் அது. ஓரிரு நாளில் 'நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்' என்ற ஹேஷ்டேக் இந்தியாவைத் தாண்டியும் ட்ரெண்ட் ஆனது.

இந்தப் பதிவுகளை உணர்வுகளை வகைப்படுத்தும் கருவியிடம் கொடுத்தால், பிரார்த்தனை, காயம், மருத்துவமனை போன்ற சொற்களைப் பார்த்து, ஏதோ பெரிய துயரம் நடந்திருக்கிறது என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். தமிழ் மீம்களில் பாதி அர்த்தம் படத்துக்கு வெளியே, நாம் பல முறை பார்த்த ஒரு காட்சியில் இருக்கிறது. அதனால் ஒரு பகுதியையாவது நீங்களே ஒவ்வொன்றாகப் படித்து வகைப்படுத்தி, கருவியின் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் இன்னொரு வலையும் இருக்கிறது. மே 30 அன்றுதான் மோடி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்றார். இரண்டையும் முடிச்சுப் போட்டு, இது தமிழர்களின் அரசியல் எதிர்ப்பு என்று எழுதக் கை துறுதுறுக்கும். சிலருக்கு அப்படி இருந்திருக்கலாம். பதிவிட்டவர்களிடம் கேட்காமல் எல்லோருடைய நோக்கத்தையும் நாமே எழுதிவிடக் கூடாது.

தேடும் விதத்திலும் கவனம் வேண்டும். தமிழ் எழுத்தில் மட்டும் தேடினால், ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள். அவர்களிலும் ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். 2000-களின் தொடக்கத்துப் பக்கங்களைத் தேடுகிறவர்களுக்கு வேறு சிக்கல்: பல பக்கங்கள் யூனிகோடு என்ற பொது எழுத்துமுறை பரவுவதற்கு முந்தைய குறியாக்கங்களில் கிடக்கின்றன, இன்றைய தேடலில் சிக்கவே சிக்காது. குரல் பதிவு மட்டுமே அனுப்புகிறவர்களும் உண்டு. யாரெல்லாம் உங்கள் வலைக்குள் வரவில்லை என்று ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்.

'தமிழ் அடையாளம்' என்று ஒருமையில் எழுதிவிட்டுப் போவதும் அடிக்கடி நடக்கிறது. 1983 வன்முறைக்குப் பின் இலங்கையை விட்டு டொராண்டோ போனவர், அங்கேயே பிறந்த அவர் மகள், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளரின் பேரன், மதுரையில் இருக்கும் கல்லூரி மாணவர் ஆகியோர் ஒரே காணொளிக்கு ஒரே கருத்தை எழுதினாலும் அதன் பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கோட்பாடு விஷயத்தில் நடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியை மனதில் வைத்து, பார்வையாளர்கள் ஒரு செய்தியை ஏற்றோ, பேரம் பேசியோ (பாதி ஏற்று, பாதி மறுத்து), எதிர்த்தோ வாசிக்கலாம் என்றார். இரண்டாம் அத்தியாயத்தில் இதை எழுதிவிட்டு, ஐந்தாம் அத்தியாயத்தில் யூடியூப் கருத்துகளை மூன்று கூடைகளில் பிரித்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஊடக ஆய்வாளர் டேவிட் மார்லி ஹாலின் இதே சட்டகத்தை எடுத்துக்கொண்டு, பி.பி.சி.யின் ஒரு நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார். 1980-ல் வெளியான அந்த ஆய்வில், வர்க்கத்தை மட்டும் வைத்து ஒருவரின் வாசிப்பைச் சொல்லிவிட முடியாது என்று தெரியவந்தது. கோட்பாட்டை அவர் களத்தில் சோதித்துப் பார்த்தார். உங்கள் தரவு எங்கே கோட்பாட்டுக்குள் அடங்க மறுக்கிறதோ, அங்கேதான் உங்களுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. சாட்ஜிபிடியிடம் மேற்கோள் நூல்கள் கேட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இல்லாத நூல்களையும் அது தரும். கையில் எடுத்துப் படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

களமே காணாமல் போகலாம் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு இந்தியாவில் தடை வந்தது. ட்விட்டர் தரவை இலவசமாக எடுக்கும் வழி 2023-ல் அடைபட்டது. ஃபேஸ்புக் பதிவுகளைப் பின்தொடர உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவியை, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூடியது. ஆகவே பார்த்த அன்றே சேமியுங்கள். இணைப்பு, தேதி, நேரம், எந்தக் கணக்கிலிருந்து பார்த்தீர்கள் என்பதையும் குறியுங்கள். உங்கள் ஃபீடில் வந்தது பக்கத்து வீட்டுக்காரர் ஃபீடில் வந்திருக்காது.

கடைசியாக, ஒப்புதல். ஒரு குழுவில் நீங்கள் உறுப்பினர் என்பதால் அங்கே பேசியதையெல்லாம் ஆய்வேட்டில் போட அனுமதி கிடைத்துவிடாது. பெயரை அழித்தால் போதும் என்பதும் தவறு. 2008-ல் அமெரிக்காவில் சுமார் 1,700 கல்லூரி மாணவர்களின் ஃபேஸ்புக் தரவைப் பெயர்களையும் கல்லூரியையும் மறைத்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கூடவே வந்த விளக்கக் குறிப்புகளை வைத்து, அது ஹார்வர்ட் என்று சில நாள்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பொதுவெளிப் பதிவு ஒன்றை வரி மாறாமல் மேற்கோள் காட்டினாலும், அந்த வரியைத் தேடினால் எழுதியவர் கிடைத்துவிடுவார். சாதி மாறிக் காதலிப்பவர், பாலின அடையாளத்தை வீட்டில் சொல்லாதவர், இலங்கையில் உறவினரை விட்டுவந்தவர் ஆகியோருக்கு இதனால் உயிராபத்தே வரலாம். சாரத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள், தேவைப்பட்டால் ஊர்ப் பெயரையும் மாற்றுங்கள். மேலே சொன்ன சென்னை ஆய்வில் அந்தக் கிராமங்களுக்கு 'பஞ்சகிராமி' என்று புனைபெயரே வைத்தார்கள். உங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழு இல்லாவிட்டாலும், ஒரு பக்க ஒப்புதல் படிவத்தை எளிய தமிழில் எழுதி, நெறியாளரிடம் காட்டி, முதல் நேர்காணலுக்கு முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விலகிக்கொள்ளலாம் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.