ஐஸ்லாந்தில் கார் கதவைத் திறக்கும் முன்

விக் என்ற ஊருக்குச் சற்று முன்னால் சாலையோர நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினேன். நம்மூரில் திறப்பதுபோல ஒரு கையால் கதவைத் தள்ளினேன். மீதி வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது. டமார் என்று ஒரு சத்தம். கதவு போக வேண்டிய தூரத்தைத் தாண்டிப் போய், முன்பக்கத் தகட்டில் இடித்து நின்றது. அப்புறம் அது சரியாக மூடவே இல்லை. மிச்ச நாட்கள் முழுக்கக் காதோரம் விசில் சத்தத்தோடுதான் ஓட்டினேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது, காற்றில் கதவு வளைந்தால் நான் எடுத்திருந்த காப்பீட்டில் சேராது என்று. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. படிக்காதது என் தப்பு.

ஐஸ்லாந்து போய் வந்த பலரிடம் இப்படி ஒரு கதை இருக்கும். அருவி, பனியாறு, எரிமலை, கறுப்பு மணல், வானத்தில் பச்சை ஒளி என்று அங்கே போகக் காரணங்கள் ஏராளம். ஆனால் இன்ஸ்டாகிராம் படத்தில் காற்று தெரிவதில்லை. எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்பதும் தெரிவதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சரி, கதவு விஷயத்தை முடித்துவிடுவோம். வண்டியின் மூக்கு காற்றை எதிர்த்து நிற்கும்படி நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். காப்பீடு எடுக்கும்போது ஜல்லிக்கல், மணல், எரிமலைச் சாம்பல் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். தென்கரையில் ஒருமுறை மணற்காற்றில் மாட்டினால் பெயின்ட் உரிந்துவிடும், அப்போது சிரிப்பு வராது. குடையைச் சூட்கேஸில் வைக்கவே வேண்டாம். மழை அங்கே பக்கவாட்டில் பெய்கிறது. ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத சட்டையும் கால்சட்டையும் இருந்தால் போதும்.

அடுத்தது தூரக் கணக்கு. நாட்டின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடச் சிறியது. மக்கள்தொகை 4 லட்சத்துக்கும் குறைவு. வரைபடத்தைப் பார்த்ததும் ‘நாலு நாளில் ஒரு சுற்று சுற்றிவிடலாம்’ என்று தோன்றும். நாட்டைச் சுற்றிவரும் 1ஆம் எண் சாலையின் நீளம் 1,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தார்ச்சாலையில் உச்ச வேகம் 90, ஜல்லிச் சாலையில் 80. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரிக்குச் சுமார் 370 கிலோமீட்டர், ஒரு வழிக்கே ஐந்து மணி நேரம். அதைக் காலையில் போய் இரவே திரும்புவதாகத் திட்டம் போடுகிறார்கள். வழியில் செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் அருவிக்குப் பின்னால் நடந்துபோக முடியும். 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்கோகாஃபாஸின் அடிவாரத்தில் நின்று நனையலாம். எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருவதற்கா அவ்வளவு தூரம்? நாலு நாள் என்றால் தென்கரை மட்டும். முழுச் சுற்று என்றால் குறைந்தது எட்டு நாள், பத்து இருந்தால் நல்லது.

சாலையில் ஒற்றை வழிப் பாலங்கள் வரும். யார் முதலில் பாலத்தை நெருங்குகிறாரோ அவர் போவார், எதிரே வருபவர் நிற்பார். அப்புறம் ஆடுகள். கோடைக்காலத்தில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். சாலையின் ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் குட்டியும் நின்றால், உங்களைப் பார்த்ததும் இரண்டில் ஒன்று கட்டாயம் குறுக்கே ஓடும்.

எந்த மாதம் போவது என்பதில் ஆசை பெரிதாகிவிடுகிறது. நள்ளிரவுச் சூரியனையும் பார்க்கவேண்டும், வடதுருவ ஒளியையும் பார்க்கவேண்டும் என்றால் நடக்காது. ஜூனில் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவையொட்டி மறைந்து மூன்று மணிக்கெல்லாம் எழுந்துவிடும், நடுவிலும் இருட்டாது. இருட்டாத வானத்தில் ஒளி எப்படித் தெரியும்? அதற்கு செப்டம்பர் முதல் மார்ச் வரை. அதற்காக டிசம்பரில் போனால் பகல் நாலு மணி நேரம்தான், பதினொன்றரைக்கு விடிந்து மூன்றரைக்கு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் செப்டம்பர்.

ஒளி தேடுபவர்கள் அது எவ்வளவு வலுவாக வரும் என்று சொல்லும் முன்னறிவிப்பு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட முக்கியம் மேகம். ஐஸ்லாந்து வானிலைத் துறை வெளியிடும் மேகப் படத்தில் பச்சை என்றால் மேகம், வெள்ளை என்றால் திறந்த வானம். நாங்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஒரு மணி நேரம் ஓட்டி நல்ல அடர்த்தியான மேகத்துக்கு அடியில் போய் நின்றோம். ஒளி தெரிந்துவிட்டால் இன்னொரு தவறு காத்திருக்கிறது: நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு மேலே பார்ப்பது. பின்னால் வருபவரும் மேலேதான் பார்த்துக்கொண்டு வருவார்.

இனிச் சொல்லப்போவதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. விக் அருகே ரெய்னிஸ்ஃபியாரா என்ற கறுப்பு மணல் கடற்கரை. ஆர்மோனியக் கட்டைகளை நிறுத்தி வைத்ததுபோல எரிமலைப் பாறைத் தூண்கள், முன்னால் திறந்த அட்லாண்டிக். மெரினாவில் அலை வரும்போது காலை நனைத்துப் பழகிய நமக்கு இங்கே புத்தி அப்படியேதான் வேலை செய்யும். ஏழெட்டு அலைகள் சாதுவாக வந்து போகும். அடுத்தது, சத்தமில்லாமல், முந்தையவை நின்ற இடத்தைத் தாண்டி இருபது முப்பது மீட்டர் மேலே ஏறும். அடியில் தரை சட்டென்று ஆழமாவதால் திரும்பும் தண்ணீர் கூழாங்கற்களோடு ஆளையும் உருவிக்கொண்டு போகிறது. அந்தக் குளிரில் நீச்சல் தெரிந்தும் பெரிய பயனில்லை. பல சுற்றுலாப் பயணிகள் இங்கே இறந்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் கடற்கரையில் இறங்கவே கூடாது. மற்ற நேரத்திலும் கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். பாறைத் தூண்மேல் ஏறி நிற்பதும் பாதுகாப்பில்லை, அலை வந்தால் பின்வாங்க இடமிருக்காது.

ஏரியில் மிதக்கும் பனிக்கட்டிமேல் தாவி ஏறுவதும் இதே ரகம். பத்தில் ஒரு பங்குதான் மேலே தெரிகிறது, ஆள் ஏறினால் அது புரளும். பனிக் குகைகளுக்கு வழிகாட்டியோடு மட்டும், அதுவும் குளிர்காலத்தில். 2024 ஆகஸ்டில் பிரெய்தாமெர்குர்யோகுல் பனியாற்றில் பனி இடிந்து ஒரு பயணி இறந்தார், வழிகாட்டியோடு போன குழுவில்தான். கோடையில் பனி உருகிக்கொண்டிருக்கும்.

உள்நாட்டு மலைச் சாலைகளின் எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ என்று இருக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மட்டுமே அனுமதி, அதுவும் பொதுவாக ஜூன் கடைசிக்கு மேல்தான் திறப்பார்கள். பாலமில்லாத ஆறுகளை வண்டியோடு கடக்கவேண்டும். பனி உருகி வரும் ஆறு என்பதால் காலையில் முழங்காலளவு இருந்தது மதியத்துக்கு மேல் ஏறிவிடும். தண்ணீரில் எஞ்சின் போனால் பொதுவாக எந்தக் காப்பீடும் கைகொடுக்காது. அனுபவமில்லாதவர்கள் மலைப் பேருந்தில் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். சாலையை விட்டு இறங்கி ஓட்டுவதோ சட்டவிரோதம், அபராதம் கடுமையாக இருக்கும். 1783இல் லாக்கி எரிமலைப் பிளவு கக்கிய குழம்பின்மேல் மெத்தைபோலப் பாசி படர்ந்திருக்கும் இடங்கள் உண்டு. ஒரு டயர்த் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகலாம். காலால் மிதித்தாலும் அதே கதைதான்.

குளியல் பற்றி நம்மவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆனால் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஊர் வெந்நீர்க் குளம் இருக்கிறது, கட்டணமும் அதிகமில்லை. இறங்குவதற்கு முன் சோப்பு போட்டு, உடையில்லாமல் குளித்தாக வேண்டும். எங்கெங்கே தேய்க்கவேண்டும் என்று சுவரில் படமே போட்டிருப்பார்கள். குளோரின் குறைவாகப் போடுவதால் இந்தக் கண்டிப்பு. நீச்சலுடையோடு நனைந்துவிட்டு நழுவப் பார்த்தால் திருப்பி அனுப்புவார்கள். பல இடங்களில் திரைபோட்ட தடுப்பும் ஒன்றிரண்டு இருக்கும், கேளுங்கள். புகழ்பெற்ற புளூ லகூனுக்கு முன்பதிவு இல்லாமல் போய் ஏமாறாதீர்கள். அது இயற்கை ஊற்று இல்லை, பக்கத்து புவிவெப்ப மின்நிலையத்திலிருந்து வரும் தண்ணீர். அதிலுள்ள சிலிக்கா என்ற தாது பட்டால் தலைமுடி வைக்கோல்போல ஆகிவிடும், முன்கூட்டியே கண்டிஷனர் தடவிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பக்கம் எரிமலை பலமுறை வெடித்திருக்கிறது. கிளம்பும் அன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண் செலவு. குழாயில் வரும் குளிர்ந்த நீர் அருமையாக இருக்கும். வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்படாதீர்கள், கந்தகம்தான். சாப்பாட்டு விலை மிரட்டும், சைவம் என்றால் நெடுஞ்சாலையில் தேர்வும் குறைவு. சமையலறை உள்ள தங்குமிடம் பார்த்து, ‘போனஸ்’ என்ற மளிகைக் கடையில் அரிசி, காய், தயிர்போன்ற ஸ்கிர் வாங்கிக்கொண்டால் புளியோதரைப் பேஸ்ட்டோடு வண்டி ஓடிவிடும்.

திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு, ரெய்க்யவிக்கிலோ கெஃப்லவிக் விமான நிலையத்துக்கு அருகிலோ தங்கிவிடுங்கள். புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். கம்பி போட்டு அடைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டு அவசர எண் 112-ஐ அழைத்தால், மீட்க வருபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், வேலையையோ தூக்கத்தையோ விட்டுவிட்டு வருகிறவர்கள்.