சுற்றுலாவின் பங்கைக் கணக்கிடுகிறீர்களா? இந்தப் பிழைகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு மாணவி தன் ஆய்வின் முதல் வரைவைக் கொண்டுவந்தார். இலங்கைப் பொருளாதாரத்துக்குச் சுற்றுலா தரும் பங்கு பற்றியது. மூன்றாம் பக்கத்தோடு நின்றுவிட்டேன். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் விட்ட அதே பிழை, அதே இடத்தில். கூட்டல் பிழையையோ டொலர் மாற்றுப் பிழையையோ யாராவது கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள். அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

சராசரியைச் சராசரியால் பெருக்குவது

2018இல் இலங்கைக்கு 2,333,796 பயணிகள் வந்தார்கள். சராசரியாக 10.8 இரவுகள் தங்கினார்கள், ஒருவரின் சராசரி நாள் செலவு 173.8 டொலர். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 4,380 மில்லியன் டொலர். அதுதான் அந்த ஆண்டின் சுற்றுலா வருமானமாக வெளியான எண். இதைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு மாவட்டத்துக்குக் கணக்குப் போடும்போதும் அப்படியே செய்கிறார்கள். ஐந்நூறு பேரிடம் கேட்டு, தங்கிய நாட்களுக்கு ஒரு சராசரி, நாள் செலவுக்கு ஒரு சராசரி, பிறகு பெருக்கல்.

இரண்டே பேரை எடுத்துப் பாருங்கள். ஒருவர் நிலாவெளியில் 4 நாள், நாளுக்கு 300 டொலர்: மொத்தம் 1,200. மற்றவர் ரொறொன்ரோவிலிருந்து வந்து கொக்குவிலில் அக்கா வீட்டில் 30 நாள், நாளுக்கு 20 டொலர்: மொத்தம் 600. உண்மையில் செலவானது 1,800. இப்போது சராசரிகளைப் பெருக்குங்கள்: 17 நாள், 160 டொலர், 2 பேர். விடை 5,440. மூன்று மடங்கு! இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நீண்ட நாள் தங்குகிறவர் நாளுக்குக் குறைவாகச் செலவழிக்கிறார் என்பதை அந்தப் பெருக்கல் பார்ப்பதில்லை.

அந்தப் பழைய ஆய்வுக்கு நான் ஆட்களிடம் கேட்டது யாழ்ப்பாணத்தில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில். பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள். அறிக்கையை வாசித்த ஒரு விருந்தினர் விடுதிக்காரர் கேட்டார்: "தம்பி, இவ்வளவு காசு இஞ்ச வந்ததெண்டா, அது எங்க கிடக்கு?" என்னிடம் பதில் இல்லை. அந்த எண்ணை நம்பி இன்னொருவர் கடன் எடுத்து அறைகள் கட்டினார். பல வருடம் அதில் பாதி பூட்டியே கிடந்தது. அந்த வீதியால் போகும்போது இப்போதும் மனம் எரிகிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. நாள் செலவின் சராசரியை ஆள் கணக்கில் எடுக்காமல் இரவுக் கணக்கில் எடுங்கள்: 1,800ஐ 34 இரவுகளால் வகுத்தால் கிட்டத்தட்ட 53 டொலர். அதைவிட நல்லது, "இந்தப் பயணத்துக்கு இங்கே மொத்தம் எவ்வளவு செலவழித்தீர்கள்?" என்றே கேட்பது. ஹோட்டலில் தங்கியவர், உறவினர் வீட்டில் தங்கியவர் என்று பிரித்துக் கேளுங்கள். தங்கல் நாட்களையும் கவனமாக விசாரியுங்கள். 2018 கணக்கில் சராசரித் தங்கல் ஒரு நாள் பிசகினாலே 400 மில்லியன் டொலருக்கு மேல் மாறிவிடும்.

வருமானத்தை மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுப்பது

4,380 மில்லியனை வகுத்துவிட்டு "சுற்றுலாவின் பங்கு கிட்டத்தட்ட 5 சதவீதம்" என்று எழுதுகிறார்கள். வருமானம் என்பது விற்பனை. உள்நாட்டு உற்பத்தி என்பது சேர்க்கப்பட்ட பெறுமதி, அதாவது விற்பனையிலிருந்து அதற்காக வாங்கிய பொருட்கள், சேவைகளின் விலையைக் கழித்தால் மிஞ்சுவது. விருந்தினர் குடித்த வைன், ரொட்டியில் பூசிய வெளிநாட்டு வெண்ணெய், வானை ஓட்டிய டீசல் எல்லாம் அந்தப் பில்லுக்குள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கான காசில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. இதைப் பிரித்தறியத்தான் சுற்றுலாச் செய்மதிக் கணக்கு என்ற முறை இருக்கிறது. இந்தியா 2002–03, 2009–10, 2015–16 ஆண்டுகளுக்கு அதைத் தயாரித்தது. உங்களால் அதைச் செய்ய முடியாவிட்டால், வெளிநாட்டவர் தந்த காசு என்ற பொருளில் "ஏற்றுமதி வருமானம்" என்று மட்டும் எழுதுங்கள், "பங்கு" என்ற சொல்லைத் தொடாதீர்கள்.

உள்நாட்டுப் பயணியை விட்டுவிடுவது

கதிர்காமத்துக்கும் சிவனொளிபாதமலைக்கும் மடுவுக்கும் பஸ் பிடித்துப் போகிறவர்களும் சுற்றுலாப் பயணிகள்தான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் நின்று கேட்டால் இவர்களில் ஒருவரும் அகப்படமாட்டார்.

கடவுச்சீட்டைப் பார்த்து வகைப்படுத்துவது

ஒருவர் உள்நாட்டுப் பயணியா வெளிநாட்டுப் பயணியா என்று பிரிக்கப் பார்க்க வேண்டியது வசிப்பிடம்.

வேறு நாட்டின் பெருக்கியை எடுத்து ஒட்டுவது

வேண்டாம். பயணி செலவழிக்கும் ஒரு டொலர் உள்ளூரில் கைமாறி மொத்தம் எவ்வளவு வருமானமாகிறது என்று சொல்லும் எண்தான் பெருக்கி. இறக்குமதி கூடினால் அது குறையும். மாலைதீவு தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. திருகோணமலை ஹோட்டலுக்கு மீன் முன்கடலிலிருந்து வருகிறது.