கால்வாய் உடும்பை மேடையேற்றுவது எப்படி?

கோலாலம்பூர்வாசிகளுக்கு நீர் உடும்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கால்வாய் ஓரத்திலும் பெர்டானா தாவரவியல் பூங்காவிலும் பார்த்திருப்பீர்கள். மேடையில் கோல் பிடித்து ஆட்டும் முதல் பொம்மையே புலியாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் உடும்பைத்தான் சொல்வேன். உரோமம் ஒட்டும் தொல்லை இல்லை. அது ஊர்ந்து வந்தால் முதல் வரிசையில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள்.

பலரும் செதிலில்தான் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம். முதுகெலும்பு சரியாக அமைந்தால் வெறும் நுரைப்பஞ்சுகூட உயிரோடு நெளியும்.

முதுகெலும்பு

2 மி.மீ. தடிமன், 150 செ.மீ. நீளமுள்ள வளையும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுங்கள். தலைப்பக்கம் 4 செ.மீ. அகலம், வால்நுனியில் 1 செ.மீ. ஆகக் குறுகட்டும். உடும்பின் நீளத்தில் பாதிக்குமேல் வால்தான். ஆகவே 90 செ.மீ. வாலுக்கு. பட்டையைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துங்கள். அப்போதுதான் அது இடவலமாக வளையும், கீழே தொய்யாது.

உடல்

பழைய யோகா பாயை முட்டை வடிவ வில்லைகளாக வெட்டி, நடுவில் கீறி, பட்டையில் 4 செ.மீ. இடைவெளியில் கோத்து ஒட்டுங்கள். இடைவெளியை அடைத்துவிட்டால் உடும்பு விறைத்துப்போகும். வயிற்று வில்லைகள் அகலமாகவும், வால் வில்லைகள் அகலத்தைவிட உயரமாகவும் இருக்கட்டும். நீந்துவதற்காகவே அதன் வால் பக்கவாட்டில் தட்டையானது. பசை நெடி தலைவலி தரும், பால்கனியில் ஒட்டுங்கள்.

தலையையும் அதே பாயை அடுக்கி ஒட்டிச் செதுக்கலாம். மூக்குத் துளைகள் முகவாய் நுனிக்கு அருகில். கண்பாவை வட்டம், பூனைக்கண் போலக் கீறலாக வரையாதீர்கள். கால்களைத் துணிப்பட்டையில் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

கோல்கள்

இடுப்புயர மூங்கில் கோல்கள் இரண்டு போதும்: ஒன்று கழுத்தில், ஒன்று இடுப்பெலும்பின் மேல். கோலின் நுனியைப் பிளந்து பட்டையைக் கவ்வவிட்டு, குறுக்கே ஓர் ஆணி முடுக்குங்கள். கோலைத் திருகினால் தலை திரும்பும்.

தோல்

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைகளில் கறுப்பு லைக்ரா (இழுத்தால் நீளும் துணி) கிடைக்கும். சற்றுத் தளர்வாக உறை தைத்து, தையல் வயிற்றுப் பக்கம் வரும்படி மாட்டுங்கள். பழம் வரும் வலைப்பையை அதன்மேல் இழுத்துப் பிடித்து, பஞ்சில் மஞ்சள் அக்ரிலிக் சாயம் தொட்டு ஒற்றினால் செதில் தானாக விழும். குட்டிக்கு மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று இருக்கும். வயதானதற்குச் சேற்று நிறமே போதும்.

நடை

முன் இடதுகாலும் பின் வலதுகாலும் சேர்ந்து நகரும். அதற்குக் கழுத்துக் கோல் வலப்பக்கம் போகும்போது இடுப்புக் கோலை இடப்பக்கம் தள்ளுங்கள், பிறகு மாற்றுங்கள். நாலைந்து அடி நடந்ததும் நிறுத்திவிடுங்கள். உடும்பு நின்று, தலை நிமிர்த்தி, நாக்கால் மோப்பம் பிடிக்கும் பிராணி. புதியவர்கள் இந்த நிறுத்தத்தைத்தான் மறந்து ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் உறையைக் கழற்றி உலர்த்துங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மூட்டைகட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.