முதல்வர் பெயரில் வரும் செய்தி: கல்லூரிப் பணியாளர்களுக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டி

இணையப் பாதுகாப்பு என்றதும் நம் அலுவலகங்களில் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் பற்றித்தான் பேச்சு தொடங்குகிறது. வேலூரில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. மேலிடத்திலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் கேள்வி கேட்காமல் செய்துமுடிக்கும் நம் பழக்கத்தைத்தான் மோசடிக்காரர்கள் வாசலாகப் பயன்படுத்துகிறார்கள்.

சேர்க்கைக் காலத்து முற்பகல் ஒன்றில், எங்கள் அலுவலக உதவியாளர் அம்மையாருக்கு கல்லூரி முதல்வரின் படம் வைத்த புதிய வாட்ஸ்அப் எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. தாம் கூட்டத்தில் இருப்பதாகவும், பேச இயலாது என்றும், உடனே நான்கு பரிசு அட்டைகளை வாங்கி அவற்றின் எண்களை அனுப்பினால் மாலையில் பணம் தந்துவிடுவதாகவும் அதில் இருந்தது. முதல்வர் அவருக்கு எழுதினால் "என்னம்மா" என்றுதான் தொடங்குவார் என்பதால், எதற்கும் கேட்டுவிடலாம் என்று அந்த அம்மையார் எழுந்து போனார். முதல்வரோ தம் அறையில் அமர்ந்து ஹால் டிக்கெட்டுகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே பணம், கடவுச்சொல், ஓடிபி, மாணவர் பட்டியல் ஆகிய நான்கில் எதைக் கேட்டு யார் பெயரில் செய்தி வந்தாலும், அது வந்த வழியிலேயே பதில் அனுப்பாமல், உங்களிடம் முன்பே பதிவாகியுள்ள எண்ணை அழைத்தோ நேரில் சென்றோ உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆய்வகப் பொருள்கள் தரும் கடைக்காரர் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் அனுப்பினாலும் இதே முறைதான். அழைக்க வேண்டிய எண்ணை அந்த மின்னஞ்சலிலிருந்து எடுக்காமல் பழைய பில்லிலிருந்து எடுக்க வேண்டும். முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: சரிபார்ப்பதற்காக வேலையைத் தாமதப்படுத்தும் பணியாளரிடம் விளக்கம் கேட்கப்படாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுங்கள். அது இல்லாமல் இளநிலை உதவியாளருக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும், திட்டு விழுமோ என்ற பயமே அவரை முந்திக்கொண்டு செயல்பட வைக்கும்.

சேர்க்காட்டில் உள்ள பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கைகள் வந்தபடியே இருப்பதால், அதைப் போல ஒரு மின்னஞ்சலைச் சமைப்பது எளிது. அனுப்பியவரின் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், பெயரைத் தொட்டு அதற்குப் பின்னுள்ள முழு முகவரியைப் பாருங்கள். இணைப்பு இருந்தால், 'எச்டிடிபிஎஸ்' என்பதையடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின், அடுத்த சாய்கோடு வரையுள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'ஏசி டாட் இன்', 'இடியு டாட் இன்' ஆகியவை கல்வி நிறுவனங்களுக்கும் 'கவ் டாட் இன்' அரசுக்கும் உரியவை. தொடக்கத்தில் நம் கல்லூரியின் பெயர் இருந்து, முடிவில் 'டாப்', 'ஆன்லைன்' போன்ற சொல் நின்றால், நம் பெயர்ப்பலகையை யாரோ தம் வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். முகவரியின் அருகே தெரியும் பூட்டுச் சின்னம் இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவரா என்பதை அது சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ வரும் ஏபிகே கோப்பை, அதாவது கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவிவிடும் கோப்பை, திறக்கவே கூடாது.

மோசடிச் செய்திகளைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது மாணவர் விவரங்களை நாம் கையாளும் விதம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய்க்காக மாணவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் எல்லாம் நம் கையில் வந்து சேர்கின்றன. அவற்றை ஓர் எக்செல் தாளில் அடுக்கி, "சரிபார்க்கவும்" என்று வகுப்புக் குழுவில் போட்டுவிடுகிறோம். அந்த ஒரு தாள் போதும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒவ்வொரு பெற்றோரையும் பெயர் சொல்லி அழைத்து ஏமாற்ற. சரிபார்க்க வேண்டுமானால் மாணவரின் பதிவெண்ணும், சரிபார்க்க வேண்டிய எண்ணின் கடைசி 4 இலக்கங்களும் போதும். முழுப் பட்டியல் அலுவலகக் கணினியில் கடவுச்சொல்லுடன் இருக்கட்டும். அச்சிட்டுப் பார்த்த தாள்களைக் கிழித்துப் போடுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று மாணவர்களுக்குக் குறிப்பெழுதக் கொடுக்காதீர்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை நீளமே பலம். ஒவ்வொரு தளத்துக்கும் வேறொன்றை வைத்து, மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றையும் கேட்கும் வசதியை, இயக்கிவிடுங்கள். பலர் பயன்படுத்தும் கணினியின் பிரவுசரில் கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், கைப்பேசியின் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதிக்குப் போய் அதை வெளியேற்றுங்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பொது ஆதரவு (பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் புதுப்பிப்புகள்) 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டதால், அதில் ஓடும் அலுவலகக் கணினிகளின் பட்டியலையும் எடுத்துவைப்பது நல்லது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மாலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முடிகிறதா என்பது நிமிடங்களைப் பொறுத்தது. வங்கிக்கும் தெரிவித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால், அவைதான் உங்கள் சான்று. சந்தேகமான கோப்பைக் கணினியில் திறந்துவிட்டிருந்தால், நெட்வொர்க் கேபிளை உருவிவிட்டு ஆய்வகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாமல், வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள்.